‘ஏறுங்க’வும் ‘ஏறு’வும்

லூதோமிர் வஹுல்ஸ்கியின் குரல் நுழையாத வீடு வூச் நகரத்தில் அநேகமாக இல்லை. முகம் தெரிந்தவர்கள் என்று பார்த்தால், அவன் குடியிருந்த கட்டடத்தின் படிக்கட்டில் ஏறி இறங்குகிறவர்கள்தான். டிவியில் வருகிற வெளிநாட்டுப் படம் எதுவானாலும் அதில் பேசுகிற அத்தனை பேருக்கும் அவன் ஒருவனே வாசிப்பான். திருடனும் அவன்தான், துரத்துகிற போலீஸும் அவன்தான், மாடி ஜன்னலில் நின்று அழுகிற பெண்ணும் அவன்தான். அடியில் அசல் நடிகர்களின் பேச்சு மெல்லக் கேட்டுக்கொண்டிருக்கும். மேலே இவன் அரை மூச்சு பின்தங்கி நம் மொழியில் வாசித்துக்கொண்டே போவான். லெக்டர் என்று அந்த வேலைக்குப் பெயர். வேறு தேசத்துக்காரர்கள் இதைக் கேட்டால் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். ஆளுக்கொரு குரல் கொடுத்து வாயசைப்புக்குப் பொருத்துகிற கூத்தெல்லாம் எங்களுக்குச் சின்னப் பிள்ளைகள் படத்தோடு சரி.

லெக்டருக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. நடிக்கக்கூடாது. அழுகை, கோபம், ஏக்கம் எல்லாம் நடிகனுடைய சொத்து. லெக்டர் சொல்லை மட்டும் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். பார்க்கிறவன் பத்து நிமிஷத்தில் லெக்டரை மறந்துபோனால் அவன் நல்ல லெக்டர். லூதோமிர் மிக நல்ல லெக்டர். ஒருமுறை டிராமில் பக்கத்திலிருந்த அம்மாளிடம் ‘அடுத்த நிறுத்தத்தில் இறங்குகிறீர்களா’ என்று கேட்கப்போக, டிராமே திரும்பிப் பார்த்தது. நேற்றுத்தான் தன் வீட்டுக் கூடத்தில் அவன் ஒரு பாங்கைக் கொள்ளையடித்தான் என்று அந்த அம்மாள் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

அவன் வாசித்த சொற்களை எழுதிக் கொடுத்தவள் போக்னா. அவன் மனைவி. ஆங்கிலப் படத்தைக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டு, சமையலறை மேஜையில் தட்டச்சு இயந்திரத்தை வைத்து, நம் மொழியில் அடித்துக் கொடுப்பாள். கல்யாணத்துக்கு முன்பே அப்படித்தான். இருவரும் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தார்கள். இவள் எழுத, அவன் வாசிக்க, ஒரு வருஷத்துக்கு மேல் ‘நீங்க சொல்லுங்க, பானி போக்னா’, ‘நீங்க வாசிங்க, பான் லூதோமிர்’ என்றே போய்க்கொண்டிருந்தது. பானி என்றால் அம்மா, பான் என்றால் ஐயா. எங்களிடத்தில் ‘நீங்க’ போய் ‘நீ’ வருவதென்பது சும்மா நடக்கிற காரியமில்லை. கையோடு கை கோத்துக் கோப்பையைக் காலி செய்து, கன்னத்தில் முத்தமிட்டு, ‘நான் போக்னா’, ‘நான் லூதோமிர்’ என்று ஏதோ புதிதாக அறிமுகமாகிறவர்கள் மாதிரி பெயர் சொல்லிக்கொண்ட பிறகுதான். அதற்கான துணிச்சல் லூதோமிருக்கு வரவேயில்லை.

துணிச்சலுக்குப் பதிலாகத் தவறு வந்தது. அலுவலகத்தார் எல்லோரும் தோருன் நகருக்கு உல்லாசப் பயணம் போய்விட்டுத் திரும்புகையில், வழியில் குட்னோ நிலையத்தில் ரயில் நின்றது. போக்னா தேநீர் வாங்க இறங்கினாள். கண்ணாடி டம்ளரைக் கையில் வாங்கும்போது வண்டி நகர்ந்துவிட்டது. வாசலில் நின்றிருந்த லூதோமிர் ‘ஏறு’ என்று கத்தினான். ‘ஏறுங்க’ இல்லை, ‘பானி’ இல்லை, வெறும் ‘ஏறு’. அவள் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்து அவன் கையைப் பிடித்து ஏறினாள். மேலாளர் உட்பட அத்தனை பேர் காதிலும் விழுந்துவிட்டது. அவனுக்கு மானம் போனது மாதிரி ஆகிவிட்டது. அவளிடம் மன்னிப்புக் கேட்டு, முறைப்படி ஒயின் வாங்கி வந்து சரிசெய்துவிடுகிறேன் என்றான்.

“வேண்டாம். ஏற்கெனவே நீன்னு சொல்லியாச்சு. திரும்ப எடுத்து வாய்க்குள்ள போட்டுக்க முடியுமா?” என்றாள் போக்னா.

அந்த இலையுதிர் காலத்திலேயே கல்யாணம் ஆகிவிட்டது.

இப்படி ஆரம்பித்த ‘நீ’ காலாவதியான கதையையும் சொல்லத்தான் வேண்டும். போக்னாவின் அப்பா இறந்தபோது, கல்லறைக்குப் பக்கத்தில் நான்கு வார்த்தை பேசும்படி மருமகனைக் கேட்டார்கள். லூதோமிர் பேசினான். மாமனாரை அவனுக்கு நிஜமாகவே பிடிக்கும். இருவரும் ஒன்றாக மீன் பிடிக்கப் போனவர்கள். உள்ளே நெஞ்சு அடைத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் வாயைத் திறந்ததும் வந்தது அந்தக் குரல், நாடு முழுக்கத் தெரிந்த குரல். ஒரு தடுமாற்றம் இல்லை, ஒரு கரகரப்பு இல்லை. படம் முடிகிறபோது பெயர்ப் பட்டியல் வாசிப்பான் இல்லையா, அதே மாதிரி. உறவுக்காரர்கள் வந்து கைகுலுக்கி, உச்சரிப்பு எவ்வளவு சுத்தம் என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். போக்னா பாராட்டவில்லை.

அதற்கப்புறம் வீட்டில் மொட்டைப் பேச்சு வந்து குடியேறியது. சண்டை கிடையாது. சண்டை இருந்தால்தான் ‘நீ’ வருமே. ‘சூப் அடுப்புல இருக்கு.’ ‘குப்பை கீழ போகணும்.’ ‘சாப்பிடலாம்.’ யார் சாப்பிடலாம், யார் குப்பையைக் கொண்டு போகணும் என்று கேட்காதீர்கள். வாக்கியத்தில் ஆளே இருக்கமாட்டார்கள். ஒரு மாசம், ஒரு வருஷம் என்று அது நீண்டது. லூதோமிருக்கு இது வலித்தது. ஆனால் வலிக்கிறது என்று சொல்லப் போனாலும் அந்தக் குரல்தானே வரும் என்று பயந்து பேசாமலே இருந்தான்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் போக்னா விஷயத்தைச் சொன்னாள். தோருனில் அக்கா ஹால்ஷ்கா வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது. கையில் இருக்கிற படம் முடிந்ததும் அங்கே போய்விடுவதாக ஏற்பாடு. போய்விட்டுத் திரும்பி வருவதாக ஏற்பாடு இல்லை. லூதோமிர் ‘சரி’ என்றான். ஆயிரம் படம் வாசித்தவனுக்கு அந்த ஒரு சொல்தான் கிடைத்தது.

அது தொண்ணூற்றொன்றாம் வருஷம். மூலைக்கு மூலை வீடியோ கேசட் வாடகைக் கடை முளைத்திருந்த சமயம். காய்கறிக் கடை, கோட்டு தைக்கிற கடை, எல்லாவற்றிலும் கேசட். ஜனங்கள் கராத்தேயும் பேயும்தான் கேட்டார்கள். ஆனாலும் அவனுக்கு வேலை கொடுத்த சின்னக் கம்பெனியின் முதலாளி எங்கேயோ மொத்தமாக வாங்கிய கேசட் கட்டுக்குள் பழைய ஆங்கிலப் படம் ஒன்று வந்து சேர்ந்திருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் காரில் போகிறார்கள். படம் முழுக்க அவ்வளவுதான். அவள் தம்பி கல்யாணத்துக்குத் தெற்கே கடற்கரை ஊருக்குப் போகிற வழியில், முதல் பெட்ரோல் பங்கிலேயே, பிரிந்துவிடுவது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். கல்யாணம் முடிகிறவரை யாரிடமும் சொல்வதில்லை என்று ஒப்பந்தம். அப்புறம் வழிநெடுக ஒரே காருக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். நடுநடுவே அவர்கள் முதல்முதலாகச் சந்தித்த நாள் வந்து வந்து போகும்: அவன் லாரி ஓட்டி வருகிறான், அவள் உடைந்த சைக்கிளோடு சாலையோரம் நிற்கிறாள்.

முதலாளிக்கு இந்த விஷயத்தில் எந்த உள்நோக்கமும் இல்லை. அடுத்த கேசட் இது, அவ்வளவுதான். ஆனால் லூதோமிர் முதல் தடவை படத்தைப் பார்த்துவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

ஆங்கிலத்தில் ஒரு சங்கடம் உண்டு. ராஜாவுக்கும் அவர்களிடத்தில் ஒரே சொல், நாய்க்கும் அதே சொல். ‘நீ’யா ‘நீங்க’வா என்று அவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வதே இல்லை. நம் மொழிக்கு வருகிறபோது எழுதுகிறவள்தான் முடிவு செய்யவேண்டும். அந்த லாரிக்காரனும் சைக்கிள்காரியும் எந்த இடத்தில் ‘நீ’க்கு வந்தார்கள்? போக்னா மூன்று நாள் அந்த இடத்திலேயே சிக்கிக்கொண்டாள். கடைசியில், ஊறுகாய் வெள்ளரியை வெட்டிக்கொண்டிருந்த லூதோமிரைப் பார்த்து, நேராக அவனிடம் என்றில்லாமல் பொதுவாகக் கேட்டாள்.

“சேத்துல லாரி மாட்டுதே, அங்கதான்” என்றான் லூதோமிர். “சேத்துல நின்னு வண்டி தள்றவங்க ‘நீங்க தள்ளுங்க, பானி’ன்னா சொல்லிட்டிருப்பாங்க?”

“சேத்துலயும் நீங்கதான். தள்ளுறப்ப யாரும் ஒருத்தர ஒருத்தர் பாக்கறதில்ல. அதுக்கப்புறம் பீச் பழத்தை ரெண்டாப் பிட்டு, கேக்காமலே பெரிய பாதியை அவ கையில வைக்கிறான். அங்கதான் நீ.”

“பழத்துக்கா?”

“குட்னோவுல யாரும் பழம்கூடக் குடுக்கல” என்றாள் போக்னா.

வெகுநாளைக்கு அப்புறம் அவள் வாயிலிருந்து வந்த கேலி அது. லூதோமிருக்குக் கத்தி கையிலேயே நின்றுவிட்டது. சிரிக்கவேண்டும் போலிருந்தது. தேநீர் டம்ளரை நடைமேடையில் விட்டுவிட்டு ஓடிவந்தாயே என்று சொல்லவேண்டும் போலிருந்தது. வாயைத் திறந்தான். “அப்ப பழத்திலேர்ந்து நீன்னு போட்டுடலாம்” என்று வந்தது, சுத்தமான உச்சரிப்போடு. போக்னா தட்டச்சு இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

படத்தின் கடைசிக் காட்சி இது. அவர்கள் போய்ச் சேரும்போது கல்யாணம் முடிந்துவிட்டது. நாற்காலிகளை மடித்து அடுக்குகிறார்கள். கணவன் சாலையில் நின்று கடலைப் பார்க்கிறான், தனியாகப் போய்விடலாமா என்று. மனைவி வண்டி ஓட்டுகிற இடத்தில் போய் உட்கார்ந்து பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு, ஒரே ஒரு சொல் சொல்கிறாள். ஏறச் சொல்கிறாள். அத்தோடு படம் முடிகிறது.

முழுக்க அடித்து முடித்த தாள்களை ஒத்திகைக்காகப் புரட்டியபோது லூதோமிர் கடைசி வரியைப் பார்த்தான். ‘ஏறுங்க, பான்.’ படத்தில் பன்னிரண்டு வருஷம் ஒன்றாக வாழ்ந்தவள் புருஷனைப் பார்த்து ‘ஏறுங்க, பான்’ என்கிறாள். எவள் அப்படிச் சொல்வாள்? தவறு என்று அவனுக்குப் பட்டது. போக்னா ஒரு காற்புள்ளியை இடம் மாற்றிப் போட்டிருந்தாலும் சண்டைக்குப் போகிறவன் அவன். இருபது வருஷமாக அவள் எழுத்தில் சொல்லுக்குச் சொல் திருத்தம் சொன்னவன். கையில் பென்சிலை எடுத்தான். அப்புறம் வேறு மாதிரி தோன்றியது. போக்னா இதில் தவறு செய்கிறவளா? இவள் அந்தப் படத்துக்காரிக்காக எழுதவில்லை, தனக்காக எழுதியிருக்கிறாள். நாம் இருவரும் மறுபடியும் அந்நியர்கள், அவ்வளவுதான் என்று எழுதியிருக்கிறாள். பென்சிலைக் கீழே வைத்துவிட்டான்.

ஒலிப்பதிவுக் கூடம் என்று பெரிய பெயர். ஒரு நெசவாலைக் கட்டடத்தின் அடித்தளத்தில் சுவர் முழுக்கப் போர்வை தொங்கவிட்ட அறை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் க்விரின் உட்கார்ந்திருப்பான், பொறிகளைப் பார்த்துக்கொள்கிறவன். இந்தப் பக்கம் ஒலிவாங்கி முன்னால் லூதோமிர், பக்கத்தில் போக்னா. ஒவ்வொரு வரிக்கும் நேரம் வந்ததும் அவள் அவன் முழங்கையைத் தொடுவாள். வீட்டில் இல்லாத தொடுதலெல்லாம் இங்கே உண்டு, தொழில் நிமித்தமாக. படத்தை இருந்த இடத்திலிருந்து எழாமல் வாசித்துக்கொண்டே போனான். சண்டையை வாசித்தான், பீச் பழத்தை வாசித்தான். கடைசி வரி வந்தது. போக்னாவின் விரல் முழங்கைக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. “ஏறுங்க, பான்” என்று வாசித்தான், எழுதியிருந்தபடி, அரை மூச்சு பின்தங்கி, ஒரு குறையும் இல்லாமல்.

போக்னா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். க்விரின் பொறியை நிறுத்திவிட்டு எல்லாம் நன்றாக வந்திருக்கிறது என்று கை காட்டினான். அவள் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து லூதோமிர் அவள் பெட்டியை ரயில் நிலையத்துக்குத் தூக்கிவந்தான். ஜன்னலோரச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றவேண்டும் என்று அவள் சொன்னாள். ஊற்றப்படும் என்று அவன் சொன்னான். வண்டி கிளம்பியது. அவன் ஒன்றும் கத்தவில்லை.

விஷயத்தை உடைத்தது க்விரின். அவன் கெட்டவனில்லை, கொஞ்சம் வாய் நீளம். அடுத்த வாரம் ஏதோ ஒரு பேய்ப் படத்துக்காக லூதோமிர் போனபோது, தேநீரில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே கேட்டான்.

“பான் லூதோமிர், அன்னைக்கு உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது முடியலையா?”

ஏன் என்று லூதோமிர் கேட்டான்.

“பானி போக்னா முன்னாடியே வந்து எங்கிட்ட சொல்லிட்டாங்க. கடைசி வரியில தயாரா இருங்க, அவரு பாதியில நிறுத்தித் தப்புன்னு சண்டைக்கு வருவாரு, திருத்தி மறுபடி எடுக்கணும்னு. நானும் விரலை வெச்சிக்கிட்டுக் காத்திருந்தேன். நீங்க என்னடான்னா கம்முனு வாசிச்சிட்டீங்க. அவங்க மூஞ்சி போன போக்கைப் பாக்கலியா?”

லூதோமிர் உட்கார்ந்துவிட்டான். அவள் தவறை வேண்டுமென்றே வைத்திருக்கிறாள். அவன் திருத்துவானா என்று பார்த்திருக்கிறாள். இருபது வருஷமாகக் காற்புள்ளிக்கெல்லாம் மல்லுக்கு நின்ற மனுஷன், அந்த ஒரு இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டு, எழுதியதை எழுதியபடி வாசித்திருக்கிறான். இதைவிடத் தெளிவாக ஒருத்தியைப் போகச் சொல்ல முடியாது. சுத்த மடையன் என்று நான் சொல்லவேண்டியதில்லை. அவனே அதைத் தன்னைப் பற்றி உரக்கச் சொல்லிக்கொண்டான்.

அந்தக் கடைசி வரியை மறுபடி எடுக்கவேண்டும் என்று கேட்டான். க்விரின் முனகினான். மூலநாடா நாளைக்குப் பிரதி எடுக்கப் போகிறது, முதலாளிக்குத் தெரிந்தால் தொலைந்தோம், யார் கவனிக்கப் போகிறார்கள், கடைசி வரி வரும்போது பாதிப் பேர் கேசட்டைச் சுற்ற ஆரம்பித்திருப்பார்கள் என்றெல்லாம் சொன்னான். சொல்லிக்கொண்டே நாடாவை எடுத்து மாட்டினான்.

லூதோமிர் ஒலிவாங்கி முன் உட்கார்ந்தான். முழங்கையைத் தொட ஆளில்லை. ‘ஏறு’ என்றான். வழக்கமான குரல். மறுபடி எடுக்கச் சொன்னான். அதே குரல். நாடு முழுக்கத் தெரிந்த அந்தக் குரலை அவன் அன்றைக்கு வெறுத்தான். கண்ணை மூடிக்கொண்டான். குட்னோ நடைமேடை, நகர்ந்துகொண்டிருக்கிற வண்டி, டம்ளரோடு திகைத்து நிற்கிற பெண். அவளை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுவோமோ என்கிற அன்றைய பயம். அந்தப் பயம் இப்போது நிஜமாகிவிட்டதே என்று நினைத்தான். “ஏறு” என்றான். கரகரத்து, பாதியில் உடைந்து வந்தது.

க்விரின் பொறியை நிறுத்தினான். இது நம் தொழில் இல்லை என்றான் அப்புறம். ஆனால் நாடாவை அழிக்கவில்லை.

ஏன் தோருனுக்குப் போன் செய்யக்கூடாது என்று கேட்பீர்கள். செய்தான். ஹால்ஷ்கா எடுத்தாள். போக்னா நலமா என்று கேட்டான். தன் குரல் தன் காதிலேயே வானிலை அறிக்கை மாதிரி விழுந்தது. நலம் என்றாள் ஹால்ஷ்கா. நன்றி சொல்லி வைத்துவிட்டான். அவனுடைய நம்பிக்கை முழுக்க வேறொன்றில் இருந்தது. தான் எழுதிய படம் கேசட்டாக வந்ததும் யாரோ வாடிக்கையாளர் மாதிரி கடைக்குப் போய் எடுத்துவந்து, வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து குற்றம் கண்டுபிடிப்பது போக்னாவின் பழக்கம். ஒரு படத்தைக்கூட விட்டதில்லை. இதையும் எடுப்பாளா, கடைசிவரை பார்ப்பாளா, தோருன் கடைகளுக்கு இந்தப் படம் போகுமா என்பதுதான் கேள்வி. கராத்தேக்கு நடுவில் ஒரு கல்யாணப் படத்தை யார் வாங்கி வைப்பார்கள்?

மே மாதம் வந்தது. அவன் தெருமுனைக் கடையில் கேசட் வந்துவிட்டது. கடைக்காரம்மா அவனைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கார்ப் படத்தை வாங்கிப்போகிறவர்கள் எல்லாம் கடைசியில் லெக்டருக்குச் சளி பிடித்துவிட்டது என்று குறை சொல்வதாகச் சொன்னாள். இரண்டு பெண்கள் மட்டும் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றிப் பார்த்தார்களாம். லூதோமிர் இஞ்சித் தேநீர் குடிப்பதாக வாக்களித்துவிட்டு வந்தான். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினான். ஜூன் பிறந்து கட்டட முற்றத்து லைலாக் பூவெல்லாம் பழுப்பேறிவிட்டது. போன் அடிக்கவில்லை. அவள் பார்த்திருப்பாள், பார்த்தும் பேசவில்லை என்று தனக்குத்தானே சொல்லிப் பழகிக்கொண்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவன் சூப்பைச் சுடவைத்துக்கொண்டிருந்தபோது அடித்தது.

“படம் பாத்தேன்” என்றாள் போக்னா. வணக்கம், நலமா, ஒன்றும் கிடையாது. “இங்க ஒரு கடையிலயும் இல்ல. நேத்துதான் ஒருத்தன் கொண்டுவந்து வெச்சான்.”

அவன் ‘ம்’ என்றான்.

“கடைசியில நடிச்சிட்டே.”

நடிச்சிட்டே. வாக்கியத்தில் ஆள் இருந்தது. லூதோமிர் அடுப்பை அணைத்தான்.

“தப்பா இருந்துது. திருத்தினேன்.”

“எப்ப?”

“நீ போனப்பறம்.”

அந்தப் பக்கம் ஹால்ஷ்காவின் வானொலி பாடிக்கொண்டிருந்தது. யாரோ போய் அதை நிறுத்தினார்கள்.

“லெக்டர் அரை மூச்சுதான் பின்னாடி வரணும்” என்றாள் போக்னா. “நீ ரெண்டு மாசம் பின்னாடி வந்திருக்கே.” அவள் குரல் சரியாக இல்லை. “சனிக்கிழமை பகல் வண்டியில வரேன். குட்னோவுல மாறணும். பெட்டி கனம். அங்க வந்து நில்லு.”

சனிக்கிழமை அவன் குட்னோவில் நின்றான், வண்டி வருவதற்கு வெகுநேரம் முன்பே. இறங்கியவளிடமிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டான். இருவரும் நடைமேடையைக் கடந்து வூச் போகிற வண்டிக்கு வந்தார்கள். என்ன சொல்வது என்று வரும்வழியெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தான். போக்னா முதலில் ஏறி வாசலில் திரும்பி நின்றாள். லூதோமிர் பெட்டியோடு கீழே நின்று வாயைத் திறந்தான். குரல் வரவில்லை. அந்தக் குரலுமில்லை, எந்தக் குரலுமில்லை. கண்ணிலிருந்துதான் வந்தது. ஊதல் ஊதிவிட்டார்கள்.

போக்னா கையை நீட்டினாள்.

“ஏறு” என்றாள்.

ஏறினான்.